கீல் அடியில் கசிவு: வெளியே பூசி அடைத்தால் போதுமா?

மேற்குக்காற்று (மிஸ்ஸிசாகா), ஏப்ரல் 13

வணக்கம். ஒன்டாரியோ ஏரியில் ஓட்டுகிற 22 அடிப் பாய்மரப் படகு ஒன்று என்னிடம் இருக்கிறது. 1979இல் கட்டியது, போன கோடையில் வாங்கினேன். கீலை (படகின் அடியில் துடுப்புபோலத் தொங்கும் பாரமான பகுதி) தனியாக வார்த்து போல்ட் போட்டு மாட்டிய படகு இல்லை இது. படகின் ஃபைபர் கிளாஸ் உடம்பே கீழே குழிந்து கீலாக இறங்குகிறது. அந்தக் குழிக்குள் இரும்புத் துண்டுகளைப் போட்டு ரெசின் ஊற்றி, மேலே ஃபைபர் கிளாஸால் மூடியிருக்கிறார்கள். படகு சாயாமல் பிடிக்கும் அந்த அடிப்பாரம் சுமார் 600 கிலோ. படகு தண்ணீருக்குள் 3 அடி இறங்கி நிற்கும்.

அக்டோபரில் கரையேற்றி ஸ்டாண்டில் நிறுத்தியபோது கீலில் எந்தக் குறையும் தெரியவில்லை. இந்த வாரம் தார்ப்பாயைக் கழற்றப் போனால், கீலின் பின்பக்க அடியில், கட்டைக்குச் சற்று மேலே, மயிரிழை விரிசல் ஒன்று. அதிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் கசிகிறது. துடைத்தால் அரை நிமிஷத்தில் மறுபடி ஒரு சொட்டு. தொட்டால் கொஞ்சம் பிசுபிசுப்பு. வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன், துருப்பிடித்த பழுப்போடு லேசாக ரோஸ் நிறமும் இருக்கிறது. நான் எங்கும் தரை தட்டவில்லை. பழைய உரிமையாளர் தட்டினாரா என்று கேட்டால் சிரிக்கிறார்.

யார்டில் ஒருவர் "எபாக்ஸி புட்டி பூசி பெயின்ட் அடித்து இறக்கிவிடு" என்கிறார். இன்னொருவர் கீலின் பக்கத்தை அறுத்துத் திறக்கணும் என்று சொல்லி, படகின் விலையைவிடப் பெரிய தொகை ஒன்றைச் சொன்னார். ஈரமானியை வைத்துப் பார்த்ததில் முள் கடைசிக்கே போய்விட்டது. கிரேன் மே முதல் வாரத்துக்குப் பதிவு செய்தாகிவிட்டது.

உள்ளே பில்ஜில் (படகின் உட்புற அடிப்பள்ளம்) எப்போதும் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கும். மழைத் தண்ணீர் என்று நினைக்கிறேன். ஆட்டோமேட்டிக் பம்ப் இருக்கிறது, ஆனால் அந்தக் கடைசி ஓர் அங்குலத்தை அது இழுக்காது. குளிருக்கு முன்னால், பழைய உரிமையாளர் சொல்லிக் கொடுத்தபடி, அதில் ஒரு கேன் ஆன்டிஃப்ரீஸ் (தண்ணீர் உறையாமல் தடுக்கும் திரவம்) ஊற்றினேன்.

விரிசலை அடைத்தால் போதுமா? துளை போட்டு வடிக்கணுமா? உள்ளே இருக்கிற இரும்பு இதற்குள் என்ன ஆகியிருக்கும்?

---

கிங்ஸ்டன்வாசி, ஏப்ரல் 13

இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். பழைய படகு என்றால் கீலுக்குள் கொஞ்சம் தண்ணீர் இருக்கத்தான் செய்யும். விரிசலைக் கொஞ்சம் அகலப்படுத்தி, தண்ணீருக்கு அடியிலும் இறுகும் எபாக்ஸி புட்டியை அழுத்தி வைத்து, மேலே பெயின்ட் அடியுங்கள். என் படகில் இதே இடத்தில் அப்படித்தான் அடைத்தேன், இன்னும் ஓடுகிறது. நமக்குக் கிடைப்பதே ஐந்து மாதம், அதை ஸ்டாண்டில் வைத்து வீணாக்காதீர்கள்.

---

காரைநகரான் (ஸ்காபரோ), ஏப்ரல் 14

தம்பி, முதலில் அந்த ரோஸ் நிறத்தைப் பற்றிக் கதைப்போம். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதில் இருக்கிறது.

ஒன்ராறியோ ஏரித் தண்ணீர் ரோஸ் நிறமில்லை. ரோஸாக இருப்பது நாங்கள் குளிருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ். அது புரொப்பிலீன் கிளைக்கால், கையில் பிசுபிசுக்கும். நீங்கள் அதை ஊற்றியது பில்ஜில். இப்போது அது கீலின் அடியால் வருகிறது என்றால், பில்ஜிலிருந்து கீலின் உள்ளே போக எங்கேயோ ஒரு வழி இருக்கிறது. தண்ணீர் மேலேயிருந்துதான் இறங்குகிறது. கீழே நீங்கள் காண்பது அது வெளியேறும் வாசல். அந்த வாசலை மட்டும் பூட்டிவிட்டுப் படகை இறக்கினால் தண்ணீர் உள்ளேயே தங்கும்.

ஒக்ரோபரில் இல்லாத விரிசல் ஏப்ரலில் எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருக்கும். கடையில் வாங்கும் ரோஸ் திரவம் ஏற்கெனவே தண்ணீர் கலந்தே வருகிறது. பில்ஜில் நின்ற தண்ணீரில் இன்னும் கலந்து, கீலுக்குள் இருந்த தண்ணீரில் மேலும் கரைந்த பிறகு, சனவரிக் குளிரைத் தாங்கும் பலம் அதில் மிச்சம் இராது. உள்ளே உறைந்து, ஃபைபரை உள்ளிருந்தே தள்ளி, மெலிந்த இடத்தில் கீறியிருக்கிறது. நீங்களோ பழைய உரிமையாளரோ தரை தட்டியிருக்கத் தேவையே இல்லை.

கிங்ஸ்டன்வாசி கோபிக்கக் கூடாது. புட்டி பூசிய படகு ஓடும்தான். பாய் விரித்து ஓடுகிற காலத்தில் கீலுக்குள் கிடக்கும் தண்ணீர் பெரிய கேடு எதுவும் செய்யாது. கேடு முழுக்க மாரிக் குளிரில் வருகிறது, அதோடு இரும்பின் துருவில். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். சிலவகைத் துருவில் ஆறு மடங்கு வரை போகும். நன்னீரில் மெதுவாக, உப்புநீரில் வேகமாக, ஆனால் இரண்டிலும் நடக்கும். அடிப்பாரம் ஈயமாக இருந்தால் நானும் இவ்வளவு அவசரப்படமாட்டேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியது.

பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியலால் கீல் முழுவதையும் தட்டிக்கொண்டே வாருங்கள். "டக்" என்று கூர்மையாகக் கேட்டால் ஃபைபர் உள்ளே இருப்பதோடு ஒட்டியிருக்கிறது. மந்தமாக, பொத்தென்று கேட்டால் நடுவில் வெற்றிடம் அல்லது தண்ணீர். அந்த இடங்களைச் சோக்கால் வட்டமிடுங்கள். பிறகு ஒரு நேரான மரச்சட்டத்தைப் பக்கவாட்டில் வைத்து வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வீங்கியிருந்தால் துரு தள்ளுகிறது, அப்போது கதை வேறு. ஈரமானியை மறந்துவிடுங்கள். பின்னால் இரும்பு இருந்தால் காய்ந்த கீலிலும் அந்த முள் கடைசிக்குத்தான் போகும்.

வீக்கம் இல்லையென்றால் அடியில் துளை போடுங்கள். 6 மில்லிமீட்டர் போதும். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டு, ஃபைபரைத் தாண்டியதும் நிறுத்துங்கள். தூள் வெள்ளையிலிருந்து பழுப்புக்கு மாறும்போது தெரியும். பேட்டரி டிரில் பாவியுங்கள். மின்கம்பியோடு போய்த் தண்ணீருக்குக் கீழே படுக்காதீர்கள். ஒரு துளையோடு நிற்க வேண்டாம். இரும்புத் துண்டும் ரெசினும் கலந்து கிடக்கும் கீலுக்குள் ஒரே குளம் இருக்காது, தனித்தனிப் பொந்துகள் இருக்கும். கீலின் அடிப்பகுதி நெடுகிலும் நாலைந்து துளை, அதோடு பொத்தென்று கேட்ட இடங்களின் கீழ்முனையில் ஒவ்வொன்று. கட்டைகள் தாங்கும் இடத்தில் கை வைக்காதீர்கள், படகின் பாரம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

மேலேயும் துளை வேண்டும். ரின்பால் பேணியில் இரண்டாவது துளை போடாமல் பால் ஊற்றிப் பாருங்கள், ஏன் என்று விளங்கும். பில்ஜின் உள்ளே, இரும்பை மூடியிருக்கும் அந்த ஃபைபர் மூடியில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று போட்டால் காற்று இறங்கும், தண்ணீர் தடையில்லாமல் வரும்.

வருகிறதை வாளியில் பிடித்து அளவு எழுதிவையுங்கள். பின்னால் உதவும்.

பில்ஜ் பம்ப் எப்படிப் பொருத்தியிருக்கிறது? படம் போடுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

---

சாலிஷ்கடல் (வன்கூவர்), ஏப்ரல் 15

எங்கள் பக்கம் உப்புக்கடல் என்பதால் கண்டுபிடிப்பது சுலபம். வரும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்போம். உப்பாக இருந்தால் கடல், இல்லாவிட்டால் மழை. ஏரிக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஒரு யோசனை. அடியில் வெண்கல வடிகால் அடைப்பான் ஒன்றை நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் என்ன? ஒவ்வொரு இலையுதிர் காலமும் திருகித் திறந்துவிட்டால் போதும், தண்ணீர் எங்கிருந்து வந்தால் என்ன?

---

காரைநகரான், ஏப்ரல் 15

வன்கூவர்காரர் சொன்னதைக் கேட்டு யாரும் இந்தத் தண்ணீரை நாக்கில் வைக்க வேண்டாம். இதில் ஆன்டிஃப்ரீஸும் கரைந்த ரெசினும் இருக்கிறது. மணந்து பாருங்கள், அது போதும். வினாகிரி போலப் புளித்த மணம் அடித்தால், தண்ணீர் வெகுகாலமாகப் பொலியெஸ்டர் ரெசினைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வடிகால் அடைப்பான் எனக்கு உடன்பாடில்லை. ஈயத்தை ஒரே கட்டியாக வார்த்துச் சுற்றிலும் இடைவெளி விட்ட கீல் என்றால் ஒருவேளை சரி. இந்தக் கீலில் ஓர் அடைப்பான் ஒரு பொந்தைத்தான் வடிக்கும். ஈரத்தில் வெண்கலமும் இரும்பும் தொட்டுக்கொண்டு கிடந்தால் அரிக்கப்படுவது இரும்பு. எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீர் வராமல் செய்ய வேண்டிய இடத்தில் வந்த தண்ணீரை வடிக்க ஒரு பொருளை நிரந்தரமாகப் பூட்டுவது சோம்பேறி வேலை.

---

மேற்குக்காற்று, ஏப்ரல் 21

அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். பக்கவாட்டில் வீக்கம் இல்லை. தட்டிப் பார்த்ததில் பின்பக்கக் கீழ்ப்பாதியிலும், முன்விளிம்பில் ஓரிடத்திலும் பொத்தென்று கேட்டது. அடியில் ஐந்து துளை போட்டேன். மூன்றில் உடனே தண்ணீர், ஒன்றில் மறுநாள்தான், ஒன்று காய்ந்தே இருந்தது. இதுவரை 9 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. முதலில் கரும்பழுப்பு, பிறகு பழுப்பு கலந்த ரோஸ். புளித்த மணம் லேசாக இருக்கிறது.

மேல் மூடியில் துளை போடுவதற்கு முன்னால் பில்ஜைத் துடைத்துக் காயவைத்து, பேக்கிங்குக்கு வாங்கின நீலக் கலர் பொடியைத் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். ஒரு மணி நேரம் ஆகவில்லை, பின்பக்கத் துளையில் நீலமாக வந்தது! மனைவி வந்து பார்த்துவிட்டு, கேக்குக்கு வாங்கினது எங்கே போனதென்று இப்போதுதான் தெரிகிறது என்றாள்.

பம்ப் படம் போட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் அடித்தட்டை இரண்டு ஸ்டெயின்லெஸ் திருகாணியால் நேராக அந்த மூடியிலேயே முறுக்கியிருக்கிறார்கள். கழற்றினேன், ஒரு திருகாணியின் நுனி துருச்சேற்றோடு வந்தது. மூடியும் பக்கச் சுவரும் சேருகிற மூலையிலும் ஓரடி நீளத்துக்கு வெடிப்பு இருக்கிறது.

இப்போது உள்ளே எப்படிக் காயவைப்பது? ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற நண்பர் வாக்குவம் பம்ப் தருகிறேன் என்கிறார். காய்ந்த பிறகு எபாக்ஸி ஊற்றி நிரப்பிவிடலாமா? மே முதல் வாரம் இறக்க முடியுமா?

---

காரைநகரான், ஏப்ரல் 22

நான் சந்தேகப்பட்டது அந்தத் திருகாணிகளைத்தான். ஊரில் ஃபைபர் வள்ளம் திருத்தப் பழகிய காலத்திலிருந்து காண்கிற விஷயம் இது. மீன்பிடி வள்ளத்துக்கு அடிப்பாரக் கீல் கிடையாது, ஆனால் மிதப்புக்கு ஃபோம் அடைத்த பெட்டிகள் உண்டு. வள்ளம் பாரமாகிவிட்டது என்று கொண்டுவருவார்கள். திறந்தால் ஃபோம் தண்ணீரில் ஊறிக் கிடக்கும், காரணம் யாரோ மேலே முறுக்கிய ஒரு கொக்கி. கல்லில் மோதிய காயத்தை எல்லாரும் தேடுவார்கள், திருகாணியை ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

மே முதல் வாரம் இறக்கலாம். முழு வேலையையும் இப்போதே முடிக்க நினைக்க வேண்டாம். இந்த வசந்தத்தில் மேல் மூடியை மட்டும் ஒழுங்காக அடையுங்கள், கீழே தற்காலிகமாகப் பூட்டுங்கள், ஒரு கோடை ஓட்டுங்கள். ஒக்ரோபரில் கரையேற்றியதும் கீழ்த்துளைகளைத் திறந்து எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். 9 லிட்டர் வந்த இடத்தில் ஒரு கோப்பை வந்தால் வழி மேலேதான் இருந்தது, அதை அடைத்தாயிற்று. மறுபடி வாளிக்கணக்கில் வந்தால் வெளியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது, தேட வேண்டும். எந்த மீட்டரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

முதலில் உள்ளே மிச்சமிருக்கும் கிளைக்காலைக் கழுவுங்கள். இதை விட்டுவிட்டால் மற்ற வேலை அத்தனையும் வீண். தண்ணீர் போலக் கிளைக்கால் ஆவியாகிப் போகாது, உள்ளேயே எண்ணெய்போலப் படிந்து கிடக்கும், எபாக்ஸி அதன்மேல் ஒட்டாது. நல்ல காலத்துக்கு அது தண்ணீரில் கரையும். மேல் துளை வழியாகச் சூடான தண்ணீர் ஊற்றி, கீழே ரோஸும் பிசுபிசுப்பும் இல்லாமல் வரும்வரை விடுங்கள். தண்ணீரை வெளியேற்றத் தண்ணீரையே ஊற்றுவதா என்று யார்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மெதில் ஹைட்ரேட் (மெதனோல் சாராயம்) ஊற்றச் சொல்லியும் சிலர் வருவார்கள். அதன் ஆவி தீப்பிடிக்கும், நஞ்சும் கூட. மூடிய கேபினுக்குள் நான் பாவிக்கமாட்டேன்.

இனிமேல் பில்ஜில் ஆன்டிஃப்ரீஸ் வேண்டாம். குளிருக்கு முன் பஞ்சால் ஒற்றிக் காய்ந்த பில்ஜாக விடுங்கள்.

காயவைப்பது பற்றி. வாக்குவம் பம்ப் உண்மையில் வேலை செய்யக்கூடியது. காற்றழுத்தத்தை நாற்பதில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கினால் 20 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகும். ஆனால் அதற்குக் கீல் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். உங்களுடையதில் விரிசல், திருகாணி ஓட்டை, மூலை வெடிப்பு என்று காற்று எல்லாப் பக்கமும் நுழையும். அதோடு கொதிக்கும் தண்ணீர் தன்னைத் தானே குளிரவைக்கும், வெளியிலிருந்து சூடு கொடுக்காவிட்டால் உள்ளே ஐஸ் கட்டும். நண்பருக்கு நன்றி சொல்லிவிட்டு ஒரு மீன்தொட்டிக் காற்றுப் பம்பை வாங்குங்கள். குழாயை மேல் துளையில் செருகி இரவும் பகலும் ஓடவிடுங்கள், கீழ்த்துளைகளால் ஈரக்காற்று வெளியேறும். பகலில் கீல் பக்கமாக ஒரு சூட்டு விளக்கு, கை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும் தூரத்தில். இறக்கும் நாள் வரை ஓடட்டும், முழுக்கக் காயாவிட்டாலும் பரவாயில்லை.

கம்ப்ரசரை மட்டும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். ஓட்டை எங்கே என்று பார்க்கச் சோப்புத் தண்ணீர் பூசிக் காற்றடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தம் என்றாலும் ஒரு சதுர அடிக்கு 144 பவுண்டு. பத்துச் சதுர அடிக் கீல் பக்கத்தில் அது 650 கிலோ. ஒட்டியிருக்கும் ஃபைபரையும் உரித்துவிடும். மீன்தொட்டிப் பம்ப் தருகிற காற்றே குமிழ் காட்டப் போதும்.

இனி மேல் மூடி, இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முதலில் எண்ணெய் நீக்கும் சோப்பால் கழுவுங்கள், பிறகு அசிட்டோன், அதற்குப் பிறகுதான் கிரைண்டர். ஆட்கள் அவசரத்தில் முதலே தேய்ப்பார்கள், பழைய டீசலும் எண்ணெயும் ஃபைபருக்குள் ஏறிவிடும். 60 நம்பர் தேய்ப்புத் தாள் கொண்டு, வெள்ளை ஃபைபர் தெரியும்வரை, மூடியையும் இரண்டு பக்கச் சுவரிலும் நாலு அங்குல உயரத்தையும் தேயுங்கள். முகமூடி இல்லாமல் அந்தக் குழிக்குள் குனிய வேண்டாம். திருகாணி ஓட்டைகளைக் கொஞ்சம் பெரிதாக்கி, தடிப்பாக்கிய எபாக்ஸியால் நிரப்புங்கள். மூலை வெடிப்பை வி வடிவில் திறந்து அதே கலவையை வளைவாக இழுத்துவிடுங்கள். அந்த மூலை ஏன் வெடிக்கிறது தெரியுமா? அலையில் படகின் சுவர் வளையும், அடிப்பாரத்தோடு இறுகிய மூடி வளையாது. இரண்டும் சண்டை பிடிக்கிற இடம் அது. கூர்மூலையாக விட்டால் இன்னொரு முறை அங்கேயே வெடிக்கும். அதன்மேல் 17 அவுன்ஸ் பையாக்சியல் துணி (நூல்கள் இரண்டு திசையில் ஓடும் ஃபைபர் கிளாஸ் துணி), மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் அகலமாக.

துண்டு துண்டாக வெட்டிய ஃபைபர் கிளாஸ் நூலைப் பசையால் ஒட்டிச் செய்த சாதாரண வெட்டுநூல் பாயைப் போடாதீர்கள். அதன் நூல்களைப் பிடித்திருக்கும் பசை, பொலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்காகச் செய்தது. எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை, பாய் இளகாமல் விறைத்து நிற்கும். பொலியெஸ்டர் மலிவு என்று அதற்கும் போக வேண்டாம். பழைய ஃபைபர்மேல் எபாக்ஸி பிடிக்கிற மாதிரி அது பிடிக்காது.

இப்போது இரவில் 3, 4 டிகிரிதான். வேகமான ஹார்டனர் (எபாக்ஸியை இறுகவைக்கக் கலக்கும் திரவம்) வாங்கி, கேபினுக்குள் ஒரு ஹீட்டரும் வைத்துச் செய்யுங்கள். இறுகிய பிறகு மேற்பரப்பில் மெழுகுபோல ஒரு படலம் இருக்கும். வெறும் தண்ணீரும் தேய்ப்புப் பஞ்சும் கொண்டு கழுவினால் போய்விடும். கழுவாமல் பெயின்ட் அடித்தால் உரியும். பெயின்ட் வெள்ளையாக இருக்கட்டும், புது வெடிப்பு வந்தால் கண்ணில் படும்.

பம்பை எப்படி வைப்பது என்று கேட்பீர்கள். மூன்றங்குலச் சதுரத்தில் ஃபைபர் பலகை ஒன்றை எபாக்ஸியால் மூடியின் மேல் ஒட்டி, திருகாணியை அந்தப் பலகைக்குள் மட்டும் முறுக்குங்கள். அளவு பார்த்து நீளம் குறைந்த திருகாணி. மேல் துளைகளையும் அடைத்தபின் அந்த மூடியை இனி ஒருவரும் எதற்காகவும் துளைக்கக் கூடாது.

கீழே விரிசல் இருக்கும் இடத்தைச் சுற்றித் தண்ணீரால் கழுவி, அசிட்டோனால் துடைத்து, ஃபைபர் தடிப்பின் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேயுங்கள். அரை அங்குலத் தடிப்பு என்றால் ஒவ்வொரு பக்கமும் ஆறு அங்குலம். அதிகமாகத் தெரியும், ஆனால் ஒட்டும் பரப்புத்தான் பலம். அங்கே துணி வைத்து எபாக்ஸி, இது நிரந்தரம். ஐந்து துளைகளுக்கும் தடிப்பான எபாக்ஸி அடைப்பு, ஒக்ரோபரில் அதையே மறுபடி துளைப்பீர்கள்.

மழைத் தண்ணீர் பில்ஜுக்கு எப்படி வருகிறது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிகள் டெக்கில் (படகின் மேல்தளம்) இறங்கும் தகடுகளின் அடியில் கை வைத்துப் பாருங்கள். 1979 படகில் அந்த அடைப்புப் பசை இதற்குள் செத்திருக்கும்.

---

தென்கரை, ஏப்ரல் 23

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் படகில் கீல் தனி வார்ப்பிரும்பு, போல்ட் போட்டது. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

---

காரைநகரான், ஏப்ரல் 23

பெரும்பாலும் இல்லை. உங்களுக்குக் கவலை கீலும் படகும் சேரும் பொருத்தும், அதனூடாகப் போகும் போல்ட்டுகளும்தான். அங்கே ஈரம் தங்கினால், வெளியே பளபளப்பாக இருக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் கூட, காற்றுப் படாத நடுப்பகுதியில் மெலிந்துவிடும். ஒன்றைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. தனி இழையாகத் தொடங்குங்கள், அங்கே கதைப்போம்.

---

மேற்குக்காற்று, நவம்பர் 2

எல்லாருக்கும் வணக்கம். கோடை முழுக்க ஓட்டினேன். மூடி வேலையை மேயிலேயே முடித்து, ஒரு வாரம் தாமதமாக இறக்கினேன். கிரேனுக்குத் தேதி மாற்றப் பணம் கட்ட வேண்டியிருந்தது. மழைத் தண்ணீர் நீங்கள் சொன்ன தகடு வழியாகவேதான், வலது பக்கத்தில். பிரித்துப் புதுப் பசை வைத்ததும் பில்ஜ் காய்ந்துவிட்டது. ஆகஸ்டில் அந்தப் பெரிய மழைக்குப் பிறகும் கை வைத்தால் தூசிதான்.

நேற்று கரையேற்றியதும் ஐந்து துளைகளையும் திறந்தேன். ஒன்றில் மட்டும் சொட்டியது. இரவு முழுக்கப் பாத்திரம் வைத்ததில் ஒரு டம்ளர்கூட நிரம்பவில்லை, நிறமும் இல்லை. மற்ற நாலும் காய்ந்த தூள். விரிசல் அடைத்த இடம் அப்படியே இருக்கிறது.

இப்போது உள்ளே எபாக்ஸி ஊற்றி நிரப்பலாமா? ஒன்பது லிட்டர் தண்ணீர் வந்தது என்றால் ஒன்பது லிட்டர் எபாக்ஸி வேண்டுமா? விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

---

காரைநகரான், நவம்பர் 3

நல்ல செய்தி. அந்த ஒரு டம்ளர் ஏப்ரலில் காயாமல் மிஞ்சியது என்றுதான் நினைக்கிறேன். புதுத் தண்ணீர் என்றால் ஒன்றோடு நிற்காது.

இப்போது ஊற்ற வேண்டாம். குளிரில் எபாக்ஸி தேன்போல இறுகிப் பொந்துகளுக்குள் போகாது. துளைகளைத் திறந்தபடியே விடுங்கள், மாரி முழுக்கத் திறந்து கிடக்கட்டும். தார்ப்பாய் கீலை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காற்று ஓட வேண்டும். குளவி கூடு கட்டாமல் இருக்க ஏப்ரலில் சின்ன வலைத்துண்டு ஒட்டலாம்.

ஒன்பது லிட்டரும் தேவையில்லை. தண்ணீர் போகும் நுண்ணிய இடங்கள் எல்லாவற்றிலும் எபாக்ஸி போகாது, போக வேண்டியதும் இல்லை. ஃபைபருக்கும் இரும்புக்கும் நடுவில் பிரிந்திருக்கும் இடங்கள் மட்டும் முக்கியம், நீங்கள் சோக்கால் வட்டமிட்டவை. மே கடைசியில், இரவிலும் 15 டிகிரிக்குக் குறையாத நாளாகப் பார்த்து, மெதுவான ஹார்டனரோடு, வட்டத்தின் கீழ்முனையில் உள்ள துளையால் ஊசிக்குழாய் கொண்டு ஏற்றுங்கள். மேல்முனையில் வேறொரு துளை போட்டு, அதிலிருந்து எபாக்ஸி எட்டிப்பார்த்ததும் நிறுத்துங்கள். ஒரு முறைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். கனமாக ஊற்றினால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும், ஃபைபரும் வெந்துபோகும். ஒரு நாள் விட்டு அடுத்தது. எனக்குத் தெரிந்தவரை இரண்டு, மூன்று லிட்டரில் முடிந்துவிடும். பூசாமல் மிஞ்சினால் டெக் வேலைக்கு ஆகும்.

கூரைக்கு அடிக்கும் விரிவடையும் ஃபோமை நிரப்பச் சொல்லி யாராவது வருவார்கள். கேட்காதீர்கள். அது தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், விரியும்போது ஃபைபரையும் தள்ளும்.

எபாக்ஸியை இப்போதே மலிவு விற்பனையில் வாங்குவதென்றால் வாங்குங்கள், ஆனால் கராஜில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள். குளிர்ந்தால் ரெசின் அடியில் படிகம் கட்டும். கட்டிவிட்டாலும் பயமில்லை, டின்னைச் சூடான தண்ணீரில் நிற்கவைத்துக் கலக்கினால் கரைந்துவிடும்.

---

கிங்ஸ்டன்வாசி, நவம்பர் 3

நேற்று நானும் என் கீலில் ஒரு துளை போட்டேன். ரோஸ் நிறம்தான். அண்ணா, அந்த 17 அவுன்ஸ் துணி ஸ்காபரோவில் எங்கே கிடைக்கும்?